ஏலகிரிக்குச் சும்மா போனோம்

1

போன வாரம் என் மகள் லீலா பள்ளிக்கூடத்திலிருந்து வந்ததும், புத்தகப் பையைக்கூட இறக்கி வைக்காமல் ஒரு சேதி சொன்னாள். வருகிற சனிக்கிழமை அவள் வகுப்புப் பெண்களையெல்லாம் பினாங்கு மலைக்கு அழைத்துப் போகிறார்களாம். ரயிலில் இல்லை, காட்டுப் பாதையில் கால்நடையாக. காலையில் கிளம்பி, மேலே உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு, சாயந்திரத்துக்குள் இறங்கிவிடுவதாம். துணைக்கு வர இஷ்டப்படுகிற தாய்மாரும் வரலாம் என்று டீச்சர் சொன்னாராம்.

"நான் வர்றேன்" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. "நீ வேணாம்மா. உன்னால ஏற முடியாது."

"ஏன் முடியாது?"

"அங்க எல்லாரும் இங்கிலீஷ் பேசுவாங்க. நீ புடவையை வரிஞ்சு கட்டிக்கிட்டு வந்து நின்னா, யார் வீட்டு வேலைக்காரின்னு கேப்பாங்க."

சொன்னபிறகுதான் என்ன சொன்னோம் என்று அவளுக்கே உறைத்திருக்க வேண்டும். பையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். பள்ளிக்கூடத்தில் அவளை லில்லி என்று கூப்பிடுகிறார்கள். இப்போதெல்லாம் லீலா என்று நான் மூன்று தரம் கூப்பிட்டால்தான் திரும்புகிறாள். லில்லி என்றால் ஒரே தரம் போதும்.

வேலைக்காரி என்று சொன்னதில் எனக்குக் கோபம் இல்லை. வேலை செய்துதான் வளர்ந்தேன். மலை ஏற முடியாது என்றாளே, அதுதான் எனக்குச் சுருக்கென்றது. நான் ஏறிய மலை எது, அதற்கு என்ன பாடு பட்டோம் என்று அவளிடம் சொல்ல உட்கார்ந்தால் அவளுக்கு வீட்டுப்பாடம் வந்துவிடுகிறது. ஆகையால் உங்களுக்கு எழுதுகிறேன். ஆம்பூரிலும் வாணியம்பாடியிலும் இதைப் படிக்கிறவர்களில் சிலருக்காவது அந்தக் கதையின் ஒரு முனை தெரிந்திருக்கும். மறு முனை என்னிடம் இருக்கிறது.

2

ஆம்பூரில் நான் வேலை செய்தது ஒரு தோல் ஷாப்பில். தோல் பதனிடும் தொழிற்சாலை என்று புத்தகத்தில் போடுவார்கள். ஊரில் ஷாப்பு என்றால்தான் தெரியும். ஆண்கள் சுண்ணாம்புக் குழியிலும் பட்டைத் தண்ணீரிலும் இறங்குவார்கள். பெண்களாகிய நாங்கள் முற்றத்தில் தோலைக் காயப் போட்டு, புரட்டி, எடுத்து அடுக்குவோம். ஓய்ந்த நேரத்தில் ஆட்டு மயிரை நிறம் பார்த்துப் பிரிப்போம். ஞாயிறு ஒரு நாள் விடுமுறை. அந்த ஒரு நாளும் துணி துவைக்கவும் விறகு பொறுக்கவும் பேன் பார்க்கவுமே சரியாகப் போகும்.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவி என்று யாரையும் யாரும் வைக்கவில்லை. ஆனால் பியாரி அக்கா பேசினால் மற்றவர்கள் கேட்பார்கள். இளம் வயதிலேயே புருஷனை இழந்தவள். நெட்டையாக, ஒட்டிய கன்னமாக இருப்பாள். வீட்டில் உருது, வெளியில் தமிழ், கோபம் வந்தால் இரண்டும்.

அந்த வருஷம் வைகாசி வெயில் பாலாற்று மணலைப் பொரித்தது. முற்றத்தில் நின்றால் தெற்கே ஏலகிரி மலை நீலமாகத் தெரியும். தோலைப் புரட்டிக்கொண்டிருந்த பியாரி அக்கா ஒரு மத்தியானம் நிமிர்ந்து அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

"ஞாயித்துக்கெழமை அங்க போலாமா?" என்றாள்.

"எதுக்கு?" என்று கேட்டாள் காசியம்மா. காசியம்மா எங்களில் பருத்தவள். முட்டிவலிக்காரி. வாய்க்கு மட்டும் வலியே கிடையாது.

"எதுக்கும் இல்ல. சும்மா. காத்தாட ஏறி, நெழல்ல உக்காந்து துன்னுட்டு, எறங்கி வந்துட்றது."

எல்லாரும் சிரித்தோம். ஊரில் பெரிய மனிதர்கள் வெயில் காலத்தில் மலைக்குப் போவார்கள். துரைமார் போவார்கள். கோயிலுக்கு வேண்டிக்கொண்டவர்கள் போவார்கள். விறகு வெட்டப் போவார்கள். தோல் ஷாப்புப் பெண்கள் சும்மா மலைக்குப் போனதாக நாங்கள் கேள்விப்பட்டதே இல்லை.

"சிரிக்கிறீங்களே, இன்னா தப்பு?" என்றாள் பியாரி அக்கா. "மலை அவங்க அப்பன் ஊட்டு சொத்தா?"

யார் அப்பன் சொத்தும் இல்லை என்று ஆனபிறகு, போவது என்றும் ஆகிவிட்டது.

வீட்டில் சொல்வதுதான் மலையைவிடச் செங்குத்தாக இருந்தது. என் தகப்பனார், "எதுக்கு?" என்றார். எதிர்வீட்டார், "எதுக்கு?" என்றார்கள். பள்ளிக்கூடத்து உபதேசியார்கூட நின்று கேட்டார். காசியம்மா புத்திசாலித்தனமாக, மலைமேல் கோயிலுக்கு நேர்த்திக்கடன் என்று புருஷனிடம் சொல்லி உத்தரவு வாங்கிவிட்டாள். அது தெரிந்ததும் பியாரி அக்காவுக்கு வந்ததே கோபம்.

"பொய் சொல்லிட்டு வர்றதா இருந்தா நீ வர வேணாம். சும்மா போறேன்னு சொல்லு. உட்டா வா, உடலன்னா சண்டை போட்டுட்டு வா."

காசியம்மா போய் நிஜத்தைச் சொன்னாள். இரண்டு நாள் அந்த வீட்டில் பாத்திரங்கள் பறந்தன. ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை ஆம்பூர் ஸ்டேஷனுக்கு எங்களுக்கு முன்னால் வந்து உட்கார்ந்திருந்தவள் அவள்தான்.

3

ஜோலார்பேட்டை வரைக்கும் பாசஞ்சர் வண்டி. தோல் ஷாப்புக்காரர்களுக்கு வண்டியில் இடம் பிடிக்கிற கவலையே கிடையாது. நாங்கள் ஏறினால் பக்கத்தில் இருக்கிறவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு தாமாகவே நகர்ந்துவிடுவார்கள். முதலில் எனக்கு அவமானமாக இருக்கும். அன்றைக்குப் பியாரி அக்கா காலை நன்றாக நீட்டி உட்கார்ந்துகொண்டு, "ராஜம்மா, மகாராணிக்குக்கூட இவ்ளோ எடம் குடுக்க மாட்டாங்கடி" என்றாள். அதற்குப் பிறகு எனக்கு அந்த அவமானம் திரும்பி வரவே இல்லை. இங்கே பினாங்கில்கூட வரவில்லை.

அடிவாரத்தில் முள்ளும் கல்லுமாகத் தொடங்கிய ஒற்றையடிப் பாதை, மேலே போகப் போக மூங்கிலுக்குள் நுழைந்தது. வெயில் வெளியே நின்றுவிட்டது. யாரும் யாரையும் அவசரப்படுத்தவில்லை. ஷாப்பில் நடக்கும்போது மேஸ்திரியின் குரல் முதுகைத் தள்ளும். இங்கே தள்ள ஆள் இல்லை என்பதே கொஞ்ச நேரம் கழித்துத்தான் கால்களுக்குப் புரிந்தது. காசியம்மா ஒவ்வொரு வளைவிலும் உட்காருவாள். அவள் உட்கார்ந்தால் நாங்களும் உட்காருவோம். நாவல் மரத்தில் காய் இன்னும் சிவப்பாகத்தான் இருந்தது. பறித்துத் தின்று, துவர்ப்பில் முகத்தைச் சுளித்து, மறுபடியும் பறித்தோம்.

பாதி மலையில் ஒரு ஓடை. வெயில் காலமானதால் பாறைக்கு நடுவில் நூலாக ஓடியது. ஒரு பள்ளத்தில் மட்டும் இடுப்பளவு தெளிந்த தண்ணீர். பகல் முழுக்க ஈரத் தோலோடு கிடக்கிற தொழில் எங்களுடையது. ஆனால் சுண்ணாம்பும் பட்டையும் கலக்காத தண்ணீரில், யாரும் கரையில் நின்று கத்தாமல், ஆசை தீரக் குளித்தது அன்றைக்குத்தான். காசியம்மா தண்ணீரை விட்டு எழவே மாட்டேன் என்றாள். "முட்டி வலி போய்ட்ச்சிடி! எவனாவது கேட்டா வைத்தியத்துக்கு வந்தேன்னு சொல்லிக்கலாம்" என்றவள், பியாரி அக்காவின் முறைப்பைப் பார்த்து, "இல்ல, சும்மாதான் வந்தேன்" என்று திருத்திக்கொண்டாள்.

பாறையில் கூந்தலை உலர்த்திக்கொண்டு சோற்று மூட்டைகளைப் பிரித்தோம். எங்களுடைய புளிச்சோறும் பியாரி அக்காவின் ரொட்டியும் கீமாவும் கைமாறின. ஊரில் யார் வீட்டில் யார் சாப்பிடலாம் என்பதற்கு ஆயிரம் கணக்கு உண்டு. அந்தப் பாறையில் அதைக் கேட்க ஒருவரும் இல்லை.

4

அங்கிருந்து கொஞ்ச தூரம் ஏறியதும் பாதையில் ஒரு காட்டுக் காவல்காரர் வழிமறித்தார். காக்கிச் சட்டை, கையில் தடி. பக்கத்தில் தகரப் பெட்டிகளும் படுக்கைச் சுருள்களும் இறக்கி வைக்கப்பட்டிருந்தன. மூட்டை தூக்கி வந்த ஆட்கள் இரண்டு பேர் களைத்துப்போய் மரத்தடியில் சாய்ந்திருந்தார்கள்.

காவல்காரர் மூக்கை உறிஞ்சினார். "தோல் ஷாப்பா? பட்டை உரிக்க வந்தீங்களா?"

ஆவாரம்பட்டை இல்லாமல் தோல் பதமாகாது. அதைக் காட்டில் அனுமதியில்லாமல் உரித்தால் குற்றம். ஆகையால் அவர் கேட்டதில் நியாயம் இருந்தது. நாங்கள் கூடைகளைக் கவிழ்த்துக் காட்டினோம். காலிப் பாத்திரங்கள் உருண்டன. காசியம்மா முந்தானையை உதறினாள். அதிலிருந்து ஒரு நாவல் இலை விழுந்தது. "ஐயோ, திருட்டுச் சொத்து! எடுத்து வெச்சிக்கங்க" என்று அதை அவரிடம் நீட்டினாள். மரத்தடி ஆட்கள் சிரித்துவிட்டார்கள். அதுதான் அவரைச் சுட்டது.

"விறகுக்கும் இல்ல, பட்டைக்கும் இல்ல. பின்னே எதுக்கு வந்தீங்க?"

"சும்மா" என்றாள் பியாரி அக்கா.

"சும்மாவா? கூலிக்காரப் பொம்பளைங்களுக்கு உல்லாசம் கேக்குதா? சரி, வந்ததே வந்தீங்க. ரேஞ்சர் மேல பங்களாவுல தங்கப் போறாரு. தூக்க ஆள் பத்தல. ஆளுக்கு ஒண்ணு தலையில ஏத்துங்க."

எங்களில் இரண்டு பேர் பழக்கதோஷத்தில் சும்மாட்டுக்கு முந்தானையைச் சுருட்டத் தொடங்கிவிட்டார்கள். பியாரி அக்கா அவர்கள் கையைப் பிடித்து இறக்கினாள்.

"வேலைன்னா நாளைக்குச் சொல்லுங்க. இன்னிக்கு எங்களுக்கு லீவு."

"தூக்கலன்னா பட்டை திருடினீங்கன்னு எழுதிடுவேன்."

"எழுதுங்க. எங்க கூடையைப் பாத்தீங்க, பாத்துட்டு எழுதுங்க. மேல அல்லா பாக்கறாரு." பிறகு தன் பெயர், தகப்பன் பெயர், தெரு, ஷாப்பு எல்லாவற்றையும் நிறுத்தி நிதானமாக, பள்ளிக்கூடத்துப் பிள்ளை ஒப்பிப்பதுபோலச் சொன்னாள். "போதுமா? இவங்க பேரும் வேணுமா?"

நான் என் பெயரைச் சொன்னேன். தகப்பனார் பெயரோடு முழுதாகச் சொன்னேன். காசியம்மா சொன்னாள். ஒவ்வொருத்தியாகச் சொன்னோம். அவர் பியாரி அக்காவின் பெயரோடு எழுதுவதை நிறுத்திவிட்டார்.

நாங்கள் அவரைத் தாண்டி ஏறினோம். வளைவில் திரும்பிப் பார்த்தபோது காவல்காரர் தொப்பியைக் கழற்றிவிட்டு ஒரு பெட்டியைத் தாமே தலையில் ஏற்றிக்கொண்டிருந்தார். மேலே மலைக்காரர்களின் வரகுக் கொல்லை வரைக்கும் போய், காற்றில் வெகுநேரம் கிடந்தோம். பயம் இருந்ததா என்றால் இருந்தது. ஆனால் இறங்கலாம் என்று ஒருத்தியும் சொல்லவில்லை.

5

கதையை இங்கே கொஞ்சம் நிறுத்தி, இந்த ஊரைப் பற்றிச் சொல்கிறேன். கடல் தாண்டினால் "எதுக்கு?" என்ற கேள்வி விட்டுவிடும் என்று நினைத்தேன். கப்பலிலிருந்து இறக்கி, நோய் இருக்கிறதா என்று பார்க்கத் தீவில் காவல் வைத்தார்களே, அங்கேயே அது எனக்காகக் காத்திருந்தது. மேஜைக்குப் பின்னால் இருந்த குமாஸ்தா தமிழர்தான், தெற்கத்திக்காரர்.

"எதுக்கு வந்தே? கூலியா, கூலியின் சம்சாரமா?"

"சம்சாரம். எனக்கும் தொழில் உண்டு."

"என்ன தொழில்?"

"மயிர் பிரிக்கிறது" என்றேன்.

மனிதர் பேனாவைக் கீழே போட்டுவிட்டார். அவர் ஊரில் அந்தச் சொல்லை வசவுக்குத்தான் வைத்திருக்கிறார்களாம். ஆட்டு மயிர், செம்மறி ஆட்டு மயிர் என்று நான் விளக்க விளக்க அவர் காது சிவந்துகொண்டே போனது. கடைசியில் 'தொழில் இல்லை' என்று எழுதினார். எழுத்து வாசிக்கத் தெரிந்த நான் அதைத் தலைகீழாகவே படித்து, "அது தப்பு, அடிங்க" என்றேன். பின்னால் வரிசையில் இருந்தவர்கள் முணுமுணுத்தார்கள். என் புருஷன் என் முழங்கையைக் கிள்ளினார். அடித்துவிட்டு, 'தோல் வேலை' என்று எழுதிய பிறகுதான் நகர்ந்தேன்.

மலாய்ப் பேச்சு வேறு. வந்த புதிதில் ஒரு மாலை, பக்கத்து வீட்டு மலாய் அம்மாள் எங்கே போகிறாய் என்பதுபோலக் கைகாட்டி, "மக்கான் ஆஙின்?" என்றாள். மக்கான் என்றால் தின்பது, ஆஙின் என்றால் காற்று என்று அதற்குள் கற்றிருந்தேன். காற்றைத் தின்கிறாயா என்கிறாளே, நம் வீட்டில் அடுப்பெரியாதது இவளுக்கு எப்படித் தெரிந்தது என்று முறைத்துவிட்டு வந்தேன். என் புருஷன் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சும்மா உலாவப் போவதற்கு இவர்கள் பாஷையில் அதுதான் பெயராம். மறுநாள் அந்த அம்மாளுக்குப் பணியாரம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

என் புருஷன் மாதனூர்க்காரர். இங்கே தண்ணீர்மலை அடிவாரத்தில் சர்க்கார் தோட்டத்தில் வேலை. நான் வீட்டில் இடியாப்பம் பிழிந்து விற்கிறேன். சித்திரையும் ஐப்பசியும் இங்கே ஒன்றுதான். மழை நினைத்தபோது வரும். லீலாவும் அவள் தம்பியும் பசிக்கிறது என்பதைக்கூட இங்கிலீஷில் சொல்லிக்கொள்கிறார்கள். சொல்லட்டும். ஆனால் தலை குனிந்து சொல்லக் கூடாது. அதுதான் என் வழக்கு.

6

விட்ட இடத்துக்கு வருகிறேன். மலையிலிருந்து வந்த இரண்டொரு நாளில், காலையில் ஷாப்பு வாசலில் மானேஜர் நின்றுகொண்டிருந்தார். பியாரி அக்காவை மட்டும் கையால் தடுத்தார்.

"நீ வேணாம். காட்டு இலாகாவைப் பகைச்சிக்கிட்டா எனக்குப் பட்டை எங்கேர்ந்து வரும்? போய் மலை மேல வேலை பாத்துக்க."

பியாரி அக்கா அவரிடம் கெஞ்சவில்லை. எங்களைப் பார்த்து, "போங்கடி உள்ள. அவங்கவங்க ஊட்ல அடுப்பு இருக்குது. பேஜார் பண்ணிக்காதீங்க" என்றாள். அவள் வீட்டிலும் அடுப்பு இருந்தது. வயதான மாமியார் இருந்தாள்.

நாங்கள் நின்றோம். காசியம்மாதான் முதலில் அசைந்தாள். மெதுவாக வேப்பமரத்தடிக்குப் போய் உட்கார்ந்தாள்.

"இன்னா காசியம்மா, வேலைக்கு வரலயா?" என்றார் மானேஜர்.

"முட்டி வலிக்குதுங்க. கொஞ்சம் உக்கார்றேன்."

நான் போய் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன். "உனக்கு?" என்றார் மானேஜர். "எனக்கும் முட்டி வலி" என்றேன். சற்று நேரத்தில் ஷாப்புப் பெண்கள் அத்தனை பேருக்கும் முட்டி வலி வந்துவிட்டது. மலைக்கு வராதவர்களுக்குங்கூட.

அன்று முழுவதும் உட்கார்ந்திருந்தோம். விடிந்து நான் கிளம்பும்போது என் தகப்பனார் தண்ணீர்ச் செம்பை எடுத்துக் கையில் கொடுத்தார். மறுநாளும் உட்கார்ந்தோம். குழியில் வேலை செய்கிற ஆண்களே தோலைக் காயப் போட வேண்டியதாயிற்று. முற்றம் முழுக்க ஈரத் தோலும் அரைகுறையாகக் காய்ந்த தோலுமாகத் தொங்கின. பிற்பகலில் ஏலகிரிப் பக்கத்திலிருந்து கறுத்துக்கொண்டு வந்தது. கோடைமழை எங்கள் ஊரில் அழைப்பு அனுப்பிவிட்டு வருவதில்லை. காய்ந்துகொண்டிருக்கிற தோலில் மழை பட்டால் கறை விழும். கறை விழுந்த தோலைக் கப்பலுக்கு எடுக்க மாட்டார்கள். அது எங்களுக்குத் தெரியும். மானேஜருக்கு இன்னும் நன்றாகத் தெரியும்.

இடி இடித்தது. வேப்பம்பூ எங்கள் தலையில் உதிர்ந்தது. மானேஜர் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு ஓடிவந்தார்.

"இன்னா பாத்துக்கினு இருக்கீங்க? எல்லாரும் உள்ள வாங்க!"

ஒருவரும் எழவில்லை. நான்தான் கேட்டேன். யார் கேட்கப்போகிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, என் வாயே கேட்டது. "எல்லாரும்னா யாரெல்லாம்?"

அவர் வானத்தைப் பார்த்தார். முதல் சொட்டுகள் புழுதியில் விழுந்தன. "எல்லாருந்தான். பியாரியும்தான். வாங்கம்மா!"

ஓடினோம். அப்படி ஓடியதே இல்லை. கூரைக்கடியில் கடைசித் தோலைப் போட்டபோது மழை கயிறாக இறங்கியது. பியாரி அக்கா முக்காட்டைப் பிழிந்துகொண்டே, மானேஜர் காதில் விழும்படி, "அடுத்த வருசம் கொஞ்சம் முன்னாடியே போய்ட்டு வந்துரணும், மழைக்கு முன்னாடி" என்றாள். அவர் கேட்காததுபோல் போய்விட்டார்.

பட்டை வழக்கம்போல வந்தது. அடுத்த வருஷமும் மலைக்குப் போனோம். அதற்குப் பிறகு எனக்குக் கல்யாணமாகிக் கப்பலேறினேன். சமீபத்தில் ஊரிலிருந்து வந்த ஒருவர் சொன்னார்: இப்போதும் வைகாசியில் ஒரு ஞாயிறு ஷாப்புப் பெண்கள் போகிறார்களாம், பக்கத்து ஷாப்புக்காரிகளும் சேர்ந்துகொண்டார்களாம். எதற்கு என்று இப்போது யாரும் கேட்பதில்லையாம்.

7

சனிக்கிழமை நான் போனேன். புடவையை வரிந்து கட்டிக்கொண்டேதான் போனேன்.

லீலா தோழிகளோடு முன்னால் நடந்தாள். நான் பின்னால், இரண்டு சீன அம்மாள்களோடு நடந்தேன். அவர்களுக்கும் இங்கிலீஷ் வராது. மூச்சு வாங்கும்போது மூவரும் ஒரே பாஷையில் பேசிக்கொண்டோம். ஈரக் காடு. மரங்கள் மேலே கைகோத்து வெளிச்சத்தைப் பச்சையாக வடித்தன. என் கால்கள் ஏறின. வயதாகிவிட்டது என்று அவற்றுக்கு யாரும் சொல்லவில்லை.

மேலே ஒரு கூரையிட்ட மண்டபத்தில் பெஞ்சுகள் போட்டிருந்தார்கள். பெண்களும் டீச்சரும் உட்கார்ந்தார்கள். நானும் உட்கார்ந்து பொட்டலத்தைப் பிரித்தேன். அந்த இடத்துக்குக் காவலாள் ஒருவர் வந்தார். நம் தமிழர்தான்.

"இங்க உக்காரக் கூடாதும்மா. ஆயாக்களுக்குப் பின்னால இடம் இருக்கு."

வெள்ளைக்காரர் வீட்டில் குழந்தை பார்த்துக்கொள்கிறவளுக்கு இங்கே ஆயா என்று பெயர்.

"ஆயான்னா எங்க ஊர்ல பாட்டி" என்றேன். "நான் இன்னும் பாட்டி ஆகல. அந்தா உக்காந்திருக்கே, அதுக்கு அம்மா."

அவர் லீலாவைப் பார்த்தார். டீச்சர் பார்த்தார். பெண்கள் எல்லாரும் பார்த்தார்கள். லீலா தன் பூட்ஸைப் பார்த்தாள். ஆமாம் என்று சொல்லவில்லை. இல்லை என்றும் சொல்லவில்லை. நான் எழுந்திருக்கவில்லை. அங்கேயே, அந்த பெஞ்சிலேயே, கடைசிப் பருக்கை வரைக்கும் சாப்பிட்டேன். காவலாள் கொஞ்ச நேரம் நின்றார். பிறகு அவருக்கு வேறு வேலை வந்துவிட்டது.

இறங்கும்போது லீலா என் பக்கத்தில் வந்து நடந்தாள். "நீ எழுந்து போயிருக்கலாம்மா. எல்லாரும் பாத்தாங்க."

"பாக்கட்டும்" என்றேன்.

இன்று சாயந்திரம், இடியாப்பத்துக்கு மாவு பிசைந்துகொண்டிருந்தபோது வந்து வாசற்படியில் நின்றாள். "அடுத்த மாசம் இன்னொரு மலைக்குப் போறாங்க. உங்க அம்மா வருவாங்களான்னு டீச்சர் கேட்டாங்க."

"நீ இன்னா சொன்ன?"

"தெரியாதுன்னு சொன்னேன்."

"தெரியும்னு போய்ச் சொல்லு" என்றேன். "எங்கம்மா வருவாங்கன்னு சொல்லு."